சஸ்பெண்ட், மெமோ, அப்புறம் டிஸ்மிஸ்: உங்கள் அண்ணன் இப்போது என்ன செய்ய வேண்டும்?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் பயன்படும். அண்ணன் தமிழ்நாட்டில் ஒரு தனியார் தொழிற்சாலையில் எட்டு வருடமாக மெஷின் ஆபரேட்டர். ஷிப்ட் சூப்பர்வைசரோடு வாய்த்தகராறு. "கெட்ட வார்த்தையில் திட்டினார், அடிக்கக் கையை ஓங்கினார்" என்று மெமோ கொடுத்து சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். இப்போது எச்.ஆர். கூப்பிட்டு, "நீயே ராஜினாமா எழுதிக் கொடுத்தால் செட்டில்மென்ட் தருகிறோம், இல்லையென்றால் டிஸ்மிஸ்தான், வெளியே எங்கேயும் வேலை கிடைக்காது" என்கிறார்களாம். டிஸ்மிஸ் செய்தால் கேஸ் போட முடியுமா, கேஸ் நடக்கும்போது வேறு வேலைக்குப் போகலாமா என்று தம்பி கேட்டிருக்கிறார்.

அவசரமானதை முதலில் சொல்கிறேன். அந்த ராஜினாமாக் கடிதத்தை இப்போதைக்கு எழுத வேண்டாம். டிஸ்மிஸ் செய்தால் நிர்வாகம்தான் காரணம் காட்ட வேண்டும், விசாரணை நடத்த வேண்டும், பின்னால் நீதிமன்றத்தில் அதை நியாயப்படுத்தவும் வேண்டும். ராஜினாமாவில் கையெழுத்துப் போட்ட நிமிடத்தில் இந்தச் சுமை முழுவதும் அண்ணன் தலைக்கு மாறிவிடும். "மிரட்டி வாங்கினார்கள்" என்பதை அவர்தான் நிரூபிக்க வேண்டும். மூடிய அறையில் நடந்த பேச்சுக்கு யார் சாட்சி சொல்வார்கள்? எச்.ஆர். இவ்வளவு அக்கறையாக ராஜினாமா கேட்பதற்கு இதுதான் காரணம்.

ஒருவேளை ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டிருந்தால், இன்றைக்கே ஒரு கடிதம் அனுப்ப வேண்டும்: "இன்ன தேதியில், இன்ன நேரத்தில், இன்னார் முன்னிலையில் கட்டாயப்படுத்தி வாங்கப்பட்டது, திரும்பப் பெறுகிறேன், வேலைக்கு வரத் தயாராக இருக்கிறேன்." ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட்டிலும் அனுப்புங்கள், மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். மறுநாளே போன கடிதத்துக்கு ஒரு மதிப்பு உண்டு. மூன்று மாதம் கழித்து, செட்டில்மென்ட் பணத்தையும் வாங்கிச் செலவழித்துவிட்டு எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள்.

அதற்காக எந்த நிலையிலும் சமரசமே கூடாது என்று சொல்லவில்லை. உண்மையிலேயே கை நீட்டியிருந்து, அது கேமராவிலும் பதிவாகியிருந்தால், பேசி முடித்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். அண்ணனிடம் தனியாக உட்கார்ந்து நடந்ததை மறைக்காமல் கேளுங்கள். ஆனால் பேரம் பேசும்போது ஒன்றைக் கவனியுங்கள். செட்டில்மென்ட் என்று எச்.ஆர். சொல்லும் தொகையில் பெரும்பகுதி அவருக்கு ஏற்கெனவே சட்டப்படி சேர வேண்டியதாகவே இருக்கும். எட்டு வருடம் வேலை பார்த்தவருக்குப் பணிக்கொடை (கிராஜுவிட்டி) உண்டு: கடைசியாக வாங்கிய மாதச் சம்பளத்தில் (அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும்) 26இல் 15 பங்கு, அதை எட்டால் பெருக்க வேண்டும். சம்பளம் 26,000 என்றால் 1,20,000 ரூபாய். இதுவும் பி.எஃப். பணமும் யாருடைய தயவும் இல்லை. இவற்றுக்கு மேல் எவ்வளவு தருகிறார்கள் என்பதுதான் செட்டில்மென்ட். அந்தத் தொகை, கொடுக்கும் தேதி, அனுபவச் சான்றிதழில் என்ன வாசகம் இருக்கும் எல்லாம் எழுத்தில் வந்த பிறகு கையெழுத்தைப் பற்றி யோசிக்கலாம்.

சரி, ராஜினாமா கொடுக்கவில்லை, விசாரணையைச் சந்திக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். இங்கேதான் பெரும்பாலானோர் கோட்டை விடுகிறார்கள். "எப்படியும் டிஸ்மிஸ் செய்யத்தான் போகிறார்கள், இந்த விசாரணை வெறும் நாடகம், நான் கோர்ட்டில் பார்த்துக்கொள்கிறேன்" என்று அலட்சியமாக இருந்துவிடுகிறார்கள். நாடகமாகவே இருக்கட்டும். பின்னால் நீதிமன்றம் முதலில் புரட்டிப் பார்ப்பது இந்த நாடகத்தின் நடவடிக்கைக் குறிப்புகளைத்தான். அந்தக் காகிதங்களில் என்ன இருக்கிறது, எதில் உங்கள் அண்ணன் ஆட்சேபித்திருக்கிறார், எந்தக் கேள்விக்கு நிர்வாகத்தின் சாட்சி தடுமாறினார் என்பதை வைத்தே வழக்கின் பாதி முடிந்துவிடும்.

மெமோவிலிருந்து தொடங்குவோம். நல்ல குற்றச்சாட்டுக் குறிப்பாணை என்றால் தேதி, நேரம், இடம், சொன்ன வார்த்தை, செய்த செயல், நிலையாணையின் (நிறுவனத்தின் எழுதப்பட்ட வேலை விதிகள்) எந்தப் பிரிவு என்று எல்லாம் இருக்க வேண்டும். "மேலதிகாரியிடம் ஒழுங்கீனமாக நடந்துகொண்டீர்கள்" என்று மட்டும் இருந்தால் அதற்கு எப்படிப் பதில் சொல்வது? என்ன வார்த்தை என்று தெரியாமல் அதை மறுக்கவும் முடியாது, சூப்பர்வைசரைக் குறுக்கு விசாரணை செய்யவும் முடியாது. அப்படிப்பட்ட மெமோ வந்தால் முதல் பதில், "குற்றச்சாட்டு தெளிவாக இல்லை, இன்ன விவரமும் இன்ன ஆவணமும் கொடுங்கள்" என்பதாக இருக்க வேண்டும். தகராறு நடந்த இடத்தில் கேமரா இருந்தால் அந்தப் பதிவைக் கேட்டு உடனே எழுதுங்கள். பல இடங்களில் சில வாரங்களில் பழைய பதிவு தானாக அழிந்துவிடும். கேட்டு எழுதிய பிறகும் அழியவிட்டார்கள் என்றால் அது நிர்வாகத்துக்குச் சங்கடம். கேட்காமலே விட்டிருந்தால் அந்த வாதம் உங்களுக்கு இல்லை.

பதில் எழுதும்போது ஆத்திரத்தில் பக்கம் பக்கமாக எழுத வேண்டாம். சூப்பர்வைசரின் பழைய அக்கிரமங்களை எல்லாம் அடுக்கத் தோன்றும். அதில் ஒரு வரி, "அவர் என்னைத் திட்டியதால்தான் நானும் திட்டினேன்" என்று இருந்துவிட்டால் போதும், ஒப்புதல் வாக்குமூலம் ஆகிவிட்டது. அதேபோல, "ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துவிடு, மேலே பேசி முடித்துவிடுகிறேன்" என்று யாராவது நல்லவர் போல வந்து சொன்னால் அதையும் கொடுக்க வேண்டாம். அந்தக் கடிதமே விசாரணையில் நிர்வாகத்தின் முதல் ஆவணமாக வரும்.

எது குற்றம் என்பதை நிலையாணைகள்தான் பட்டியலிடும். நிறுவனத்தில் 300 தொழிலாளர்களோ அதற்கு மேலோ இருந்தால், இப்போதைய தொழிலுறவுச் சட்டத் தொகுப்பின்படி நிலையாணை கட்டாயம். அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். பட்டியலில் இல்லாத ஒன்றைக் குற்றமாக்கித் தண்டிக்க முடியாது என்பதை உச்ச நீதிமன்றம் 1980களில் கிளாக்ஸோ வழக்கிலும் ஏ.எல். கால்ரா வழக்கிலும் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. பட்டியலில் உள்ள அடைமொழிகளையும் விடாமல் படிக்க வேண்டும். மாதிரி நிலையாணைகளில் தாமதமாக வருவது குற்றமில்லை, "வழக்கமாக" தாமதமாக வருவதுதான் குற்றம். கீழ்ப்படியாமையும் "வேண்டுமென்றே" செய்ததாக இருக்க வேண்டும். உங்கள் அண்ணன் விஷயத்தில் பெரும்பாலும் "ஆலை வளாகத்துக்குள் கலகத்தனமான அல்லது ஒழுங்கற்ற நடத்தை" என்ற பிரிவைப் போட்டிருப்பார்கள்.

சஸ்பெண்ட் காலத்துக்குப் பிழைப்பூதியம் கொடுத்தே ஆக வேண்டும். தமிழ்நாட்டுக்கு இதற்கென்றே 1981ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு: முதல் 90 நாள் பாதிச் சம்பளம், அடுத்து 180 நாள் வரை முக்கால், அதற்கு மேல் இழுத்தால் முழுச் சம்பளம். மத்திய அரசின் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பும் 90 நாளுக்குள் விசாரணையைச் சாதாரணமாக முடிக்க வேண்டும் என்கிறது. பிழைப்பூதியம் தராமல் விசாரணைக்கு மட்டும் கூப்பிட்டால், "கையில் காசில்லாமல் வர இயலவில்லை, ஊதியத்தைக் கொடுத்துவிட்டு விசாரணையை வையுங்கள்" என்று எழுதுங்கள். இது சும்மா புலம்பல் இல்லை. ஊதியம் தராததால் வர முடியாமல் போன ஊழியரை வைத்து நடந்த ஒருதலை விசாரணை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1999இல் கேப்டன் பால் ஆண்டனி வழக்கில் சொன்னது. ஆனால் இந்தக் காலத்தில் வேறு எங்கும் சம்பளத்துக்கு வேலை பார்க்கவில்லை என்று எழுதிக் கேட்பார்கள். அதனால் சஸ்பெண்டில் இருக்கும்போது வேறு கம்பெனிக்குப் போவது ஆபத்து. அங்கே வருகைப் பதிவேட்டில் பேர் இருந்தால் அதுவே இரண்டாவது மெமோ.

அடுத்து உள்விசாரணை. தவறாமல் போக வேண்டும். போகாவிட்டால் ஒருதலையாக முடித்துவிடுவார்கள், நோட்டீஸ் ஒழுங்காகக் கொடுத்திருந்தால் அது செல்லும். விசாரணை அதிகாரியாகப் பெரும்பாலும் ஒரு வக்கீலைப் பணம் கொடுத்து நியமித்திருப்பார்கள். அவருக்கு நிர்வாகம் பணம் கொடுக்கிறது என்பதற்காக மட்டும் அவரை நீதிமன்றம் பாரபட்சமானவர் என்று சொல்லாது. சம்பவத்தில் தொடர்புடையவரே விசாரணை அதிகாரியானாலோ, அவரே சாட்சிக்குப் பதில் எடுத்துக் கொடுத்தாலோ விஷயம் வேறு. உதவிக்கு உடன் வேலை செய்பவர் ஒருவரை வைத்துக்கொள்ளலாம். சங்க நிர்வாகி ஒருவர் கிடைத்தால் மிகவும் நல்லது, அவர்கள் இப்படிப் பல விசாரணைகளைப் பார்த்தவர்கள். வக்கீல் வைக்க உரிமை கிடையாது. ஆனால் நிர்வாகத் தரப்பில் சட்டம் தெரிந்தவரை நிறுத்தினால் தனக்கும் வக்கீல் வேண்டும் என்று கேட்கலாம். 1983இல் பம்பாய்த் துறைமுக வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் இதை ஏற்றுக்கொண்டிருக்கிறது.

முதலில் நிர்வாகத்தின் சாட்சிகளை, அண்ணன் முன்னிலையில், விசாரிக்க வேண்டும். முதலிலேயே அண்ணனை உட்கார வைத்து, "நீ திட்டினாயா இல்லையா?" என்று போலீஸ் ஸ்டேஷன் பாணியில் கேட்டால், "நிர்வாகத் தரப்பு சாட்சியத்துக்குப் பிறகு சொல்கிறேன்" என்று சொல்லி, அதையும் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். அப்புறம் குறுக்கு விசாரணை. இதற்குப் பெரிய சட்ட ஞானம் வேண்டாம், இடத்தை நன்றாகத் தெரிந்தவராக இருந்தால் போதும். பக்கத்து மெஷினில் இருந்தவர் கெட்ட வார்த்தையைக் கேட்டதாகச் சொல்கிறாரா? அவர் எத்தனை அடி தூரத்தில் நின்றார்? அந்த நேரத்தில் பிரஸ் மெஷின் ஓடிக்கொண்டிருந்ததா? காதில் இயர் பிளக் இருந்ததா? அந்தப் பிரிவில் இயர் பிளக் போடாமல் நிற்கக் கூடாது என்று போர்டு மாட்டியிருக்கிறதா? பிளக் போட்டுக்கொண்டு, பிரஸ் ஓடும்போது, இருபதடி தள்ளி நின்றவருக்கு வார்த்தை எப்படிக் கேட்டது? இதையெல்லாம் ஒரு தொழிலாளி கேட்பது போல எந்த வக்கீலும் கேட்க முடியாது. "கையை ஓங்கினார்" என்பதற்கும் இதேதான்: எந்தக் கை, கையில் ஏதாவது இருந்ததா, நடுவில் யார் இருந்தார், சம்பவம் நடந்த அன்றே சூப்பர்வைசர் எழுதிய முதல் புகாரில் இந்தக் கை ஓங்கல் இருக்கிறதா? முதல் புகாரில் இல்லாத ஒன்று மூன்று நாள் கழித்து மெமோவில் முளைத்திருந்தால் அதை விடவே கூடாது.

ஒவ்வொரு நாளும் குறிப்பின் ஒவ்வொரு பக்கத்தையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். சொன்னது ஒன்று, எழுதியது ஒன்றாக இருந்தால் கையெழுத்துக்கு மேலேயே, "இன்ன வரி தவறாகப் பதிவாகியுள்ளது" என்று கைப்பட எழுதிவிடுங்கள். நகல் அன்றன்றே வாங்குங்கள். ஆங்கிலத்தில் நடந்து அண்ணனுக்குப் புரியவில்லை என்றால் தமிழில் கேளுங்கள், கேட்டதையும் எழுத்தில் வையுங்கள். வாயால் சொன்ன ஆட்சேபணை காற்றோடு போய்விடும்.

இங்கே ஒரு விஷயம் மனதில் இருக்கட்டும். குற்ற வழக்கில் போல "சந்தேகத்துக்கு இடமில்லாமல்" நிரூபிக்க வேண்டிய அவசியம் உள்விசாரணையில் இல்லை. நடந்திருக்கத்தான் அதிக வாய்ப்பு என்று காட்டினால் போதும். 1977இல் ரத்தன் சிங் என்ற பஸ் கண்டக்டர் வழக்கு இதற்குப் பெயர்போனது. டிக்கெட் இல்லாத பயணிகளை யாரும் சாட்சியாகக் கூப்பிடவில்லை, ஆய்வாளரின் சாட்சியம் மட்டும்தான். அதுவே போதுமான ஆதாரம் என்றது உச்ச நீதிமன்றம். அதனால்தான் போலீஸ் வழக்கில் விடுதலை ஆனாலும் வேலை தானாகத் திரும்பி வருவதில்லை. மறுபக்கம், வெறும் சந்தேகம் எவ்வளவு பலமாக இருந்தாலும் ஆதாரம் ஆகாது. ரூப் சிங் நேகி வழக்கில் (2009) போலீஸிடம் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட ஒப்புதலை மட்டும் வைத்து டிஸ்மிஸ் செய்யப்பட்ட வங்கி ஊழியருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது.

விசாரணை முடிந்ததும் அறிக்கையின் நகல் அண்ணன் கைக்கு வர வேண்டும். அதன் மேல் கருத்துச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். இது 1993ஆம் ஆண்டு கருணாகர் வழக்கிலிருந்து உறுதியான சட்டம். பெரும்பாலும் இதோடு சேர்த்தே, "ஏன் டிஸ்மிஸ் செய்யக் கூடாது?" என்று இரண்டாவது நோட்டீஸ் வரும். அதில் பழைய மெமோக்களைக் காட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். காட்டாமலே டிஸ்மிஸ் உத்தரவில், "இவரது கடந்தகால நடத்தையும் திருப்திகரமாக இல்லை" என்று ஒரு வரி சேர்த்தால் அதை எதிர்க்க இடமிருக்கிறது. பழைய ரெக்கார்டு சுத்தமாக இருந்தால் இந்தப் பதிலில் அதை அழுத்திச் சொல்லுங்கள். ஏனென்றால் கடைசியில் கேள்வி இதில்தான் வந்து நிற்கும்: குற்றம் நிரூபணம் என்றே வைத்துக்கொள்வோம், அதற்கு டிஸ்மிஸ் அதிகம் இல்லையா?

இந்தக் கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. 1982இல் ரமா காந்த் மிஸ்ரா வழக்கில், ஒருமுறை மேலதிகாரியிடம் கோபமாக மிரட்டிப் பேசியதற்காக வேலையே போன ஒருவருக்கு, அதுவரை கறையில்லாத சேவை என்பதைப் பார்த்து, உச்ச நீதிமன்றம் ஊதிய உயர்வை நிறுத்தும் தண்டனையாகக் குறைத்தது. 2005இல் மகிந்திரா அண்ட் மகிந்திரா, நரவாடே வழக்கில், சக ஊழியர்கள் முன்னால் சூப்பர்வைசரை இருமுறை ஆபாசமாகத் திட்டியதற்கு டிஸ்மிஸ் சரிதான் என்றது. அதே 2005இல் பாரத் ஃபோர்ஜ் வழக்கு இன்னும் சுவாரசியம். தொழிலாளி 1983இல் ஒருநாள் பகல் ஷிப்டில் இரும்புத் தகட்டின் மேல் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். தூங்கியதற்கு வேலையா போகும் என்று தோன்றும். ஆனால் அதற்கு முன் மூன்று முறை இதே போன்ற குற்றத்துக்கு அவர் சிறு தண்டனை வாங்கியிருந்தார். நான்காவது முறை என்பதால் டிஸ்மிஸ் நின்றது. நிகழ்ச்சி நடந்ததற்கும் கடைசித் தீர்ப்புக்கும் இடையில் இருபது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டதையும் கவனியுங்கள். உங்கள் அண்ணனுக்கு எட்டு வருடத்தில் இதுதான் முதல் மெமோ என்றால், வெறும் வார்த்தைத் தகராறுக்குத் தண்டனை குறைய நல்ல வாய்ப்பு உண்டு. கை பட்டது என்று நிரூபணமானால் அந்த வாய்ப்பு சட்டென்று சுருங்கிவிடும்.

பணிக்கொடையும் இதோடு பிணைந்திருக்கிறது. வன்முறைக்காகவோ கலகத்தனமான நடத்தைக்காகவோ வேலையை விட்டு நீக்கினால் பணிக்கொடையை முழுதாகவோ ஒரு பகுதியோ பறிக்க நிர்வாகத்துக்கு அதிகாரம் உண்டு. வெறும் "திட்டினார்" என்பதோடு "கையை ஓங்கினார்" சேருவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றும். டிஸ்மிஸ் ஆனதும் பணிக்கொடை தானாகப் போய்விடாது. அதற்குத் தனியாக நோட்டீஸ், தனியாக உத்தரவு வேண்டும். நேர்மையற்ற குற்றங்களில் கோர்ட் தண்டனை இருந்தால்தான் பறிக்கலாம் என்று 2018இல் வந்த தீர்ப்பைப் பலர் இன்னும் மேற்கோள் காட்டுகிறார்கள். 2025 பிப்ரவரியில் வெஸ்டர்ன் கோல்ஃபீல்ட்ஸ் வழக்கில் தண்டனை தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பி.எஃப். பணத்தை மட்டும் எந்த டிஸ்மிஸும் தொட முடியாது.

இனி டிஸ்மிஸ் உத்தரவு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 2025 நவம்பர் 21 முதல், 1947ஆம் ஆண்டு தொழிற்தகராறு சட்டத்தின் இடத்தில் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு 2020 வந்திருக்கிறது. வழி பெரும்பாலும் பழையதுதான். முதலில் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் மனு. அவர் இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசுவார். 45 நாளில் முடியாவிட்டால், அரசின் அனுமதிக்குக் காத்திருக்காமல் தொழிலாளியே நேரடியாகத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். மாறியது காலக்கெடு. முன்பு டிஸ்மிஸ் ஆன தேதியிலிருந்து மூன்று வருடம் இருந்தது, இப்போது இரண்டே வருடம். யாராவது பழைய நினைவில், "மூணு வருஷம் டைம் இருக்கு, நிதானமா போடலாம்" என்று சொன்னால் கேட்காதீர்கள். உண்மையில் இரண்டு வருடமும் காத்திருக்கக் கூடாது, முதல் மாதத்திலேயே மனு போட்டுவிடுங்கள்.

லேபர் கோர்ட்டில் (பெயர் மாறினாலும் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம்) முதல் கேள்வி, உள்விசாரணை நியாயமாக நடந்ததா என்பது. நியாயமாக நடக்கவில்லை என்று தீர்ப்பு வந்துவிட்டால் வழக்கே ஜெயித்த மாதிரி பலர் இனிப்பு வாங்கிக் கொடுத்துவிடுவார்கள். அவசரம் வேண்டாம். 1973ஆம் ஆண்டு ஃபயர்ஸ்டோன் தீர்ப்புப்படி, விசாரணை கெட்டுப்போனாலும், ஏன் விசாரணையே நடத்தாவிட்டாலும்கூட, நிர்வாகம் நீதிமன்றத்திலேயே புதிதாகச் சாட்சிகளைக் கொண்டுவந்து குற்றத்தை நிரூபிக்கலாம். அதே சூப்பர்வைசர் மறுபடியும் கூண்டில் ஏறுவார். இந்த முறை அண்ணன் கையில் அவரது பழைய வாக்குமூலம் இருக்கும். முன்பு சொன்னதற்கும் இப்போது சொல்வதற்கும் உள்ள முரண்தான் பல வழக்குகளைத் திருப்பியிருக்கிறது. உள்விசாரணையில் நன்றாகக் குறுக்கு விசாரணை செய்யுங்கள் என்று நான் இவ்வளவு வற்புறுத்தியது இதற்காகத்தான். குற்றம் நிரூபணம் என்றே முடிவானாலும், தண்டனை அதிகம் என்று நினைத்தால் அதைக் குறைக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு. இந்த அதிகாரம் 1971இல் பழைய சட்டத்தில் 11ஏ பிரிவாக வந்தது, புதிய தொகுப்பிலும் தொடர்கிறது.

நிர்வாகத்தோடு சம்பள உயர்வு போன்ற பொதுத் தகராறு ஏதாவது ஏற்கெனவே சமரசத்திலோ தீர்ப்பாயத்திலோ நிலுவையில் இருக்கிறதா என்று சங்கத்தில் கேளுங்கள். இருந்தால், டிஸ்மிஸ் செய்யும்போதே ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்து, அந்தப் பொதுத் தகராறு யாரிடம் நிலுவையில் இருக்கிறதோ அவரிடம் ஒப்புதலும் கேட்க வேண்டும். ஒப்புதல் கேட்காமல் செய்த டிஸ்மிஸ் செல்லாது என்று 2002இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லியிருக்கிறது. பலருக்கும் தெரியாமல் போகும் விஷயம் இது.

ஜெயித்தால் என்ன கிடைக்கும்? மனுவில் எல்லோரும் எழுதுவது "பணித் தொடர்ச்சி, முழுப் பின் சம்பளம் மற்றும் இதர பலன்களுடன் மீண்டும் வேலை" என்பதுதான். பின் சம்பளம் என்றால் வேலையில்லாமல் இருந்த காலத்துக்கான சம்பளம். தவறான டிஸ்மிஸுக்கு, பின் சம்பளத்தோடு மீண்டும் வேலை என்பதே இயல்பான விதி என்று 2013இல் தீபாலி குண்டு சுர்வாசே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் நடைமுறையில் பாதிப் பின் சம்பளம், கால் பின் சம்பளம், பின் சம்பளமே இல்லாமல் வேலை, வேலைக்குப் பதிலாக மொத்தமாக ஒரு தொகை என்று எல்லாமே நடக்கிறது. சில வருடங்கள் ஆகும், மேல்முறையீடு போனால் இன்னும் ஆகும். உயர் நீதிமன்றத்தில் நிர்வாகம் தடை வாங்கினாலும், வேறு வேலையில் இல்லாத தொழிலாளிக்குக் கடைசியாக வாங்கிய சம்பளத்தை வழக்கு முடியும்வரை கொடுக்க வேண்டும். அதைக் கேட்டு மனுப் போட்டால்தான் கிடைக்கும்.

இங்கே படிப்பவர்களில் ஐ.டி.யிலும் அலுவலகங்களிலும் இருப்பவர்கள் இருப்பீர்கள், உங்களுக்கும் ஒரு வார்த்தை. மேலே சொன்னதெல்லாம் "தொழிலாளி" என்ற வரையறைக்குள் வருபவர்களுக்கு. நிர்வாகப் பதவியில் இருப்பவர்கள் அதில் வர மாட்டார்கள். மேற்பார்வை வேலை செய்து மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவர்களும் வர மாட்டார்கள். நியமனக் கடிதத்தில் "மேனேஜர்" என்று போட்டிருப்பதை வைத்து மட்டும் முடிவு செய்ய மாட்டார்கள், நாள் முழுக்க என்ன வேலை செய்கிறீர்கள் என்றுதான் பார்ப்பார்கள். உட்கார்ந்து சாஃப்ட்வேர் கோடு எழுதும் ஒருவருக்குச் சம்பளம் எவ்வளவு இருந்தாலும் தொழிலாளி என்று வாதாட இடமிருக்கிறது. அது போக, தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41ஆம் பிரிவு பலர் கண்ணில் படுவதே இல்லை. ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸும் இல்லாமல் நீக்க முடியாது. ஒழுங்கீனம் என்றால் நோட்டீஸ் வேண்டாம், ஆனால் விசாரணை நடத்திச் சாட்சியம் பதிவு செய்திருக்க வேண்டும். இதில் சம்பள வரம்பு கிடையாது. மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான், அதனால் உத்தரவு கைக்கு வந்த அன்றே காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். உண்மையான மேலாளர்களுக்கு இதுவும் இல்லை. அவர்களுக்குச் சிவில் கோர்ட்தான், அங்கே வேலை திரும்பக் கிடைக்காது, பெரும்பாலும் நோட்டீஸ் காலச் சம்பளம் அளவுக்குத்தான் இழப்பீடு.

கடைசிக் கேள்வி: டிஸ்மிஸுக்குப் பிறகு வேறு வேலைக்குப் போகலாமா? தாராளமாகப் போகலாம். குடும்பம் ஓட வேண்டும், வழக்கு முடியும்வரை வீட்டில் உட்கார்ந்திருங்கள் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. வேறு வேலை பார்த்ததால் மீண்டும் வேலை கேட்கும் உரிமை போகாது, பின் சம்பளத்தில்தான் கை வைப்பார்கள். அங்கங்கே கிடைக்கும் கூலி வேலை, கொஞ்ச நாள் ஆட்டோ ஓட்டியது போன்றவற்றை நிலையான மாற்று வேலையாகக் காட்ட நிர்வாகம் முயலும். அப்போது எத்தனை நாள், எவ்வளவு வருமானம் என்று அண்ணன் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும், அதனால் ஒரு நோட்டில் எழுதி வரச் சொல்லுங்கள். "எங்கும் வேலை பார்க்கவில்லை" என்று பொய்யாக மட்டும் பிரமாணப் பத்திரம் போட வேண்டாம். புதிய முதலாளி கட்டும் பி.எஃப். பழைய யு.ஏ.என். எண்ணிலேயே (வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) ஏறும். அதை நீதிமன்றத்தின் மூலம் வரவழைத்துக் காட்டுவது நிர்வாகத்தின் வக்கீலுக்கு ஒரு பெரிய வேலையே இல்லை.